கில்பெக் சர்ச்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் பழைய கிராமத்து சர்ச்சுகளைத் தேடித் தேடிப் பார்க்கிற கிறுக்கு எனக்கு உண்டு. அதில் எது உனக்கு ரொம்பப் பிடித்தது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் கில்பெக் என்பேன். உடனே கேள்விகள் வரிசையாக வரும், பெரும்பாலும் அதே கேள்விகள். ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

கில்பெக் எங்கே இருக்கிறது? அங்கே அப்படி என்ன விசேஷம்?

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது. ஹெரிஃபோர்ட் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 14 கிலோமீட்டர். ஊர் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, கொஞ்சம் வீடுகள், ஒரு பப், சுற்றிலும் வயலும் ஆட்டு மந்தையும். அந்த ஊரின் ஓரத்தில் ஒரு சின்ன மேட்டில் செக்கச்சிவந்த மணற்கல்லில் கட்டிய சர்ச் நிற்கிறது. பெயர் புனித மேரி, புனித டேவிட் ஆலயம்.

விசேஷம் என்னவென்றால், 1140 வாக்கில் செதுக்கிய சிற்பங்கள் அப்படியே இருக்கின்றன. அப்படியே என்றால் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை. பாம்பின் செதில், மனிதனின் கால்சட்டை மடிப்பு, நாயின் தொங்கும் காது எல்லாம் போன வருடம் உளி வைத்த மாதிரி தெரிகிறது. இங்கிலாந்தில் அந்தக் காலத்துக் கற்சிற்பம் பெரும்பாலும் மழையில் கரைந்து மூக்கும் முழியும் தெரியாமல் போயிருக்கும். அதைப் பார்த்துப் பழகிவிட்டு இங்கே வந்தால் முதலில் இது நகலாக இருக்குமோ என்றுதான் சந்தேகம் வரும்.

யார் கட்டினார்கள்?

பணம் போட்டவர் ஹியூ என்ற நார்மன் பிரபு. இவருடைய அப்பா வில்லியம் ஃபிட்ஸ் நார்மன். 1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு இந்த நிலம் அவர் கைக்கு வந்தது. 1086-இல் நாடு முழுக்க நிலம், மாடு, ஏர் என்று எல்லாவற்றையும் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே பதிவேட்டில் கில்பெக் அவர் பெயரில்தான் இருக்கிறது. மகன் ஹியூ 1134-இல் கில்பெக் சர்ச்சை குளோஸ்டர் நகரத்து மடத்துக்கு எழுதி வைத்தார். இப்போது நாம் பார்க்கிற கட்டடம் அதற்குச் சில வருடங்கள் கழித்து எழுந்தது என்பதுதான் பொதுவான கருத்து.

அந்த வருடங்களை நினைத்துப் பாருங்கள். 1135-இல் முதலாம் ஹென்றி இறந்ததும் ஸ்டீஃபனும் மட்டில்டாவும் அரியணைக்காக அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஹெரிஃபோர்ட் பகுதி அந்தச் சண்டையின் நடுவில் மாட்டிக்கொண்டது. ஊரெல்லாம் கோட்டையும் முற்றுகையுமாக இருந்த நேரத்தில் இந்த மூலையில் ஒருவர் உட்கார்ந்து முயலையும் நாயையும் செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

நார்மன்களுக்கு முன்னால் அங்கே எதுவும் இல்லையா?

இருந்தது. இந்தப் பக்கம் முன்பு எர்கிங் என்ற வெல்ஷ் நாடு. பிறகு ஆங்கிலேயர் ஆட்சிக்கு வந்தாலும் மக்களும் மொழியும் வழக்கமும் வெகுகாலம் வெல்ஷாகவே இருந்தன. பழைய வெல்ஷ் ஆவணத்தில் இந்த இடத்துக்கு டேவிட் பெயரோடு சேர்த்து 'லான்' என்று வருகிறது. லான் என்றால் வெல்ஷில் சர்ச் இருக்கும் வளாகம். புனித டேவிட் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். சர்ச்சைச் சுற்றிய கல்லறைத் தோட்டம் சதுரமாக இல்லாமல் நீள்வட்டமாக மேடு தட்டி இருக்கும், அதுவும் பழைய கெல்டிக் இடங்களின் அடையாளம் என்பார்கள். கட்டடத்தின் ஒரு மூலையில் நார்மன்களுக்கு முந்தைய ஆங்கிலோ சாக்ஸன் சுவரின் துண்டு இருப்பதாகவும் காட்டுவார்கள். முதல் தடவை நான் அதைக் கவனிக்காமல் கடந்து போய்விட்டேன்.

உள்ளே எப்படி இருக்கும்? சர்ச்சின் அமைப்பைக் கொஞ்சம் புரியும்படி சொல்ல முடியுமா?

ரொம்ப எளிமையான அமைப்பு. மேற்கிலிருந்து கிழக்காக ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சின்னது. முதலில் நேவ், அதாவது ஊர் மக்கள் நிற்கும் கூடம். அந்தக் காலத்தில் பெஞ்சு எல்லாம் பெரிதாகக் கிடையாது, நிற்க வேண்டியதுதான். அடுத்தது சான்சல், பாதிரியாரின் இடம். கடைசியில் கிழக்குப் பக்கம் அரைவட்டமாக முடியும் ஆப்ஸ், அங்கேதான் பலிபீடம். நெருங்க நெருங்க இடம் குறுகிக்கொண்டே போகும், சுவர் கனம், ஜன்னல் சின்னது, வெளிச்சம் கொஞ்சம்.

வளைவுகள் எல்லாம் அரைவட்டம். இதுதான் ரோமனெஸ்க் பாணி, இங்கிலாந்தில் நார்மன் பாணி என்றும் சொல்வார்கள். நுனி கூரான வளைவைப் பார்த்தால் அது பின்னால் வந்த கோதிக். ஒரு ஆங்கிலக் கிராமத்து சர்ச்சுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும், நார்மன் வாசல், கோதிக் ஜன்னல், பதினைந்தாம் நூற்றாண்டுக் கோபுரம் என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒட்டுப்போட்டிருக்கும். கில்பெக்கில் அந்த ஒட்டுவேலை மிகக் குறைவு. உயரமான கோபுரம்கூடக் கிடையாது, மேற்குச் சுவர் உச்சியில் மணி தொங்க ஒரு சின்ன மாடம், அவ்வளவுதான்.

ஆப்ஸின் உள்கூரையைக் கட்டாயம் அண்ணாந்து பாருங்கள். முகட்டு வளைவுகளில் வெட்டுக்கிளிக் கால் மாதிரி மடங்கி மடங்கிப் போகும் கோடுகள், எல்லாம் வந்து கூடும் நடு முடிச்சில் நான்கு சிங்க முகங்கள். நேவுக்கும் சான்சலுக்கும் நடுவிலுள்ள வளைவின் இரு பக்கமும் பக்கத்துக்கு மூன்று பேராக ஒருவர் தலைமேல் ஒருவர் நிற்கிற மாதிரி புனிதர்கள். கையில் சாவி வைத்திருப்பவர் பேதுரு. மற்றவர்கள் யார் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

தெற்கு வாசல் தெற்கு வாசல் என்கிறார்களே, அதில் என்ன பார்ப்பது?

எனக்குக் கில்பெக் என்றாலே இந்த வாசல்தான். பத்து நிமிடம் அதன் முன்னால் சும்மா நில்லுங்கள். முதலில் எல்லாம் ஒரே பின்னலாகத் தெரியும், அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்.

கதவுக்கு மேலே அரைவட்டக் கல். டிம்பனம் என்பார்கள். வழக்கமாக இந்த இடத்தில் இயேசுவோ கடைசித் தீர்ப்போ இருக்கும். இங்கே ஒரு செடி மட்டும்தான், தண்டும் சுருளும் திராட்சைக் குலையுமாக. வாழ்வின் மரம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதைச் சுற்றி வளைவு வளைவாகக் கல் வரிசைகள். உள் வரிசையில் அலகு நீண்ட விநோதத் தலைகள், வெளி வரிசையில் வட்ட வட்டமாகச் சங்கிலி போட்ட மாதிரி, வட்டத்துக்குள் பறவையும் டிராகனும். ஒரு வட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு மிருக முகம் இரண்டையும் வாயில் கவ்விப் பிடித்திருக்கிறது.

இப்போது தூண்களுக்கு வாருங்கள். வெளித் தூண்களில் பாம்புகள், ஒன்றின் வாலை இன்னொன்று விழுங்கிக்கொண்டு. வலப்பக்கத் தூணின் தலையில் ஒரு முகம், வாயிலிருந்து கொடி கொடியாக இலை பீய்ச்சிக்கொண்டு வருகிறது. இதுதான் பச்சை மனிதன் என்று சொல்லப்படும் உருவம், ஐரோப்பாவின் சர்ச்சுகளில் அங்கங்கே தலை காட்டும் ஆள். இடப்பக்கத் தூண் தலையில் ஒரு டிராகனும் ஒரு சிங்கமும்.

எனக்கு மிகவும் பிடித்தது இடப்பக்கத்து உள் தூண். அங்கே இரண்டு வீரர்கள், ஒருவன் மேல் ஒருவன், கொடியில் சிக்கிக்கொண்டு நிற்கிறார்கள். தலையில் நுனி முன்னால் மடிந்த தொப்பி. உடம்பை ஒட்டிய சட்டையில் வரி வரியாகக் கோடுகள். காலில் தொளதொளவென்ற முழுநீளக் கால்சட்டை, துணி வளைந்து வளைந்து விழும் மடிப்பு ஒவ்வொன்றையும் எண்ணலாம். அந்தக் காலத்து ஆங்கிலச் சிற்பத்தில் ஆண்களுக்கு அங்கி போட்டுத்தான் பார்த்திருப்போம். இந்தக் கால்சட்டைக்காரர்கள் யார், நல்லவர்களா கெட்டவர்களா, கொடியைப் பற்றி ஏறுகிறார்களா மாட்டிக்கொண்டு தவிக்கிறார்களா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பாவத்தில் சிக்கிய மனிதன் என்று ஒரு விளக்கம் உண்டு. இருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்த்தால் ரொம்ப வருத்தப்படுகிற மாதிரி தெரியவில்லை.

மேற்குச் சுவரில் இருப்பது வைக்கிங் கப்பலின் டிராகனா?

கப்பல் இல்லை, ஆனால் கேட்பது நியாயம். சுவர் மூலைகளிலும் நடுவிலும் டிராகன் தலைகள் வாயைப் பிளந்துகொண்டு வெளியே நீட்டி நிற்கின்றன, சிலவற்றின் நாக்கு சுருண்டிருக்கும். அந்தக் காலத்து வைக்கிங் மரவேலையை நினைவுபடுத்தும் ஜாடை நிச்சயம் உண்டு. நார்மன் என்ற சொல்லே வடக்கத்தியான் என்பதிலிருந்து வந்ததுதான், பிரான்சில் குடியேறிய வைக்கிங்குகளின் வாரிசுகள். அதற்காக இதை வைக்கிங் வேலை என்று சொல்லிவிட முடியாது. மரத்தில் பழகிய வடிவத்தைக் கல்லில் செய்து பார்த்த மாதிரி எனக்குத் தோன்றும், அவ்வளவே.

கூரைக்கு அடியில் வரிசையாகத் தலைகள் இருக்கின்றனவே, எத்தனை? எல்லாவற்றுக்கும் அர்த்தம் உண்டா?

அவை கார்பல்கள். சுவரிலிருந்து துருத்திக்கொண்டு கூரையின் ஓரத்தைத் தாங்குகிற கற்கள். சர்ச்சைச் சுற்றி முழுக்க ஓடுகின்றன. 85 மிச்சம் இருக்கின்றன, முதலில் இன்னும் சில இருந்தன.

நாயும் முயலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கல்தான் எல்லோருக்கும் செல்லம். பெரிய உருண்டைக் கண், தொங்கிய காது, இன்றைய கார்ட்டூன்காரர் யாராவது வந்து போட்டுவிட்டுப் போனாரோ என்று தோன்றும். நரம்பு வாத்தியம் வாசிக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார். ஆட்டுக்கடாத் தலை, பறவை, கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு ஜோடி, யாரென்றே தெரியாத பல பூதங்கள். ஆப்ஸ் பக்கம் இயேசுவைக் குறிக்கும், சிலுவை ஏந்திய கடவுளின் ஆட்டுக்குட்டி இருக்கிறது, அதைக் குதிரை என்று நினைக்காதவர் குறைவு. செதுக்கியவருக்குப் பாம்பு வந்த அளவுக்கு ஆடு வரவில்லை.

அர்த்தம்? ஆட்டுக்குட்டிக்கு நிச்சயம் உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் இது இந்தப் பாவம், அது அந்தப் புண்ணியம் என்று பட்டியல் போடுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மிருகங்களை வைத்து ஒழுக்கம் சொல்லும் ஏடுகள் அப்போது புழக்கத்தில் இருந்தன, அதிலிருந்து சில வந்திருக்கலாம். சில வேடிக்கைக்காகவும் இருக்கலாம்.

சரி, அந்த 'ஷீலா' சிற்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

இதைக் கேட்காமல் யாரும் விட்டதில்லை. ஆமாம், ஒரு சர்ச் சுவரில், பெரிய வழுக்கைத் தலையும் முட்டைக் கண்ணுமாக ஒரு பெண் உருவம், கால்களுக்குக் கீழே கையைவிட்டுத் தன் பிறப்புறுப்பை இரண்டு கையாலும் அகல விரித்துக் காட்டுகிறது. இதற்கு ஷீலா-நா-கிக் என்று பெயர். ஐரிஷ் பெயர், அதன் பொருளே இன்னும் தீராத சண்டை. அயர்லாந்தில்தான் இவை அதிகம், இங்கிலாந்திலும் கொஞ்சம் உண்டு. அதில் மிகப் பிரபலம் கில்பெக் ஷீலா.

ஏன் வைத்தார்கள் என்பதற்கு மூன்று விளக்கங்கள் சுற்றி வருகின்றன. பழைய தாய்த்தெய்வம், பிள்ளைவரம் தருகிறவள் என்பது ஒன்று. திருஷ்டிப் பொம்மை போல, கெட்டதை விரட்ட வைத்தது என்பது இன்னொன்று. காமம் எவ்வளவு கோரமானது பார் என்று பயமுறுத்த வைத்தது என்பது மூன்றாவது. பிரான்சிலும் ஸ்பெயினிலும் யாத்திரைப் பாதைகளில் இருக்கும் சர்ச்சுகளில் இதே காலத்தில் இதே இடத்தில், அதாவது கூரை ஓரத்தில், ஆணும் பெண்ணுமாக இப்படி ஆபாச உருவங்கள் இருக்கின்றன. அதனால் மூன்றாவது எனக்குக் கொஞ்சம் நம்பும்படி இருக்கிறது. ஆனால் இந்த அம்மாள் சிரிக்கிற சிரிப்பு பயமுறுத்துகிற மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

விக்டோரியா காலத்தில் ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ் என்ற ஓவியர் இங்கே வந்து ஒவ்வொரு கல்லையும் வரைந்து 1842-இல் புத்தகமாகப் போட்டார். அவர் ஷீலாவையும் வரைந்தார். வரைந்துவிட்டு, இது ஒரு முட்டாள், நெஞ்சில் இருக்கும் பிளவு அவனுடைய இதயத்துக்குப் போகும் வழி என்கிற ரீதியில் விளக்கம் எழுதினார். உண்மையிலேயே புரியவில்லையா, புரியாத மாதிரி இருந்துவிட்டாரா என்று அவருக்குத்தான் தெரியும்.

சிற்பி யார்?

பெயர் இல்லை. இதே கைவரிசை ஹெரிஃபோர்ட்ஷயரிலும் அக்கம்பக்கத்திலும் பல இடங்களில் இருப்பதால் 'ஹெரிஃபோர்ட்ஷயர் பள்ளி' என்று மொத்தமாகப் பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளி என்றால் பள்ளிக்கூடம் இல்லை, ஊர் ஊராகப் போய் வேலை செய்த ஒரு சிற்பிக் குழு.

இதில் ஒரு சுவையான கதை இருக்கிறது. இந்தப் பகுதியின் பெரிய பிரபு ஹியூ மார்ட்டிமரிடம் காரியஸ்தராக இருந்த ஆலிவர் டி மெர்லிமண்ட் என்பவர் ஷாப்டன் என்ற ஊரில் ஒரு சர்ச் கட்டத் தொடங்கினார். நடுவில் ஸ்பெயினில் இருக்கும் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயத்துக்கு யாத்திரை போனார். போகிற வழியில் மேற்கு பிரான்சின் சர்ச்சுகளையெல்லாம் பார்த்திருப்பார். கூடவே ஒரு சிற்பியும் போயிருக்க வேண்டும் என்பது பலரின் ஊகம். ஏனென்றால் கில்பெக்கின் உள்வளைவில் ஒருவர் மேல் ஒருவராக நிற்கும் அந்தப் புனிதர்கள், சந்தியாகோவின் தெற்கு வாசல் தூண்களில் நிற்பவர்களின் ஏழைச் சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கிறார்கள். ஆக, ஸ்பெயின், பிரான்ஸ், வைக்கிங், ஆங்கிலோ சாக்ஸன் பின்னல் எல்லாம் சேர்ந்து ஒரு வேல்ஸ் எல்லைக் கிராமத்தில் வந்து இறங்கியிருக்கிறது.

கிட்டத்தட்ட 900 வருடம் எப்படித் தப்பியது?

கல் முதல் காரணம். ஹெரிஃபோர்ட்ஷயரின் பழைய செம்மணற்கல்லில் தரம் பல மாதிரி, இவர்களுக்குக் கிடைத்தது நல்ல இறுகிய கல்.

இரண்டாவது காரணத்தை ஷாப்டனைப் பார்த்தால் புரியும். மேலே சொன்ன ஆலிவரின் சர்ச், கில்பெக்குக்கு அண்ணன். 1750களில் அந்த ஊர்ப் பிரபு குடும்பத்துக்குப் பழையது பிடிக்கவில்லை, இடித்துவிட்டு அப்போதைய மோஸ்தரில் வெள்ளையும் நீலமுமாகக் கேக் மாதிரி ஒரு புதுச் சர்ச் கட்டினார்கள். பழைய வளைவுகளையும் சிற்பக் கதவுகளையும் பூங்காவில் ஒரு மேட்டின்மேல் அலங்காரமாக நிறுத்தினார்கள். திறந்த வெளியில் இரண்டரை நூற்றாண்டு மழை. இன்று போய்ப் பாருங்கள், சோப்புக்கட்டி தேய்ந்த மாதிரி இருக்கிறது. அங்கே பணம் இருந்தது, அதனால் போனது.

கில்பெக்கில் பணம் இல்லை. இங்கிலாந்தின் கிழக்கே கம்பளி வியாபாரத்தில் காசு பார்த்த ஊர்கள் பதினைந்தாம் நூற்றாண்டில் தங்கள் நார்மன் சர்ச்சுகளை இடித்துப் பெரிதாக்கின. கில்பெக் அந்த நேரத்தில் சுருங்கிக்கொண்டிருந்தது. 1283 வாக்கில் முதலாம் எட்வர்ட் வேல்ஸை முழுக்க அடக்கிய பிறகு எல்லைக் கோட்டைகளுக்கு வேலை குறைந்தது, 1348-49 கொள்ளைநோய் வேறு. சர்ச்சுக்குப் பக்கத்து வயலில் புல்லுக்கடியில் மேடும் பள்ளமுமாகத் தெரிவது பழைய ஊரின் தெருவும் மனையும்தான். ஆளே இல்லாத ஊரில் சர்ச்சை யார் பெரிதாக்குவார்கள்?

புராட்டஸ்டன்ட் மதச் சீர்திருத்த காலத்தைப் பற்றியும் கேட்பார்கள். 1547-க்குப் பிறகு ஆறாம் எட்வர்ட் ஆட்சியில் சர்ச்சுகளிலிருந்து புனிதர் சிலைகளை அகற்றினார்கள், சுவர் ஓவியங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். 1643-44-இல் வில்லியம் டௌசிங் என்பவர் சஃபோக், கேம்பிரிட்ஜ் பக்கம் சர்ச் சர்ச்சாகப் போய் உடைத்தார். அவர் இந்தப் பக்கம் வரவில்லை. வந்திருந்தாலும், சாமி கும்பிடுகிற சிலையை உடைக்கத்தான் உத்தரவு, கூரை ஓரத்து முயலுக்கு யார் மெழுகுவத்தி ஏற்றினார்கள்?

1840களில் லூயிஸ் நாக்கல்ஸ் காட்டிங்ஹாம் என்ற கட்டடக் கலைஞர் பழுதுபார்த்தார். விக்டோரியா காலத்துப் பழுதுபார்ப்பு என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும், பழைய கல்லைச் சுரண்டிப் புதிதாகச் செதுக்கிவிடுவார்கள். இங்கே சிற்பங்களை விட்டுவைத்தார்கள்.

சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் மேடு என்ன?

கோட்டை. மண்ணைக் குவித்து மேடாக்கி மேலே அரண் கட்டும் நார்மன் முறை. உச்சியில் கல்சுவர்த் துண்டுகள் மட்டும் நிற்கின்றன. ஜான் மன்னர் சில தடவை வந்து தங்கியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரின்போது மிச்சத்தையும் தகர்த்துவிட்டார்கள். ஏறிப் பாருங்கள், மேற்கே வேல்ஸ் மலைகள் தெரியும், சர்ச்சும் கோட்டையும் ஏன் ஒட்டி ஒட்டி இருக்கின்றன என்பதும் அங்கிருந்து பார்த்தால் விளங்கும். பிரபு சாப்பிட்டு எழுந்து நடந்தே பூசைக்கு வரும் தூரம்.

இன்னும் வழிபாடு நடக்கிறதா?

நடக்கிறது, இங்கிலாந்துத் திருச்சபையின் ஊர்ச் சர்ச் இது. டிக்கெட் கிடையாது, பகலில் பொதுவாகத் திறந்திருக்கும், உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள். இவ்வளவு பழைய கட்டடத்தைச் சின்ன ஊர்க்காரர்கள் பராமரிப்பது லேசான காரியம் இல்லை.

எப்படிப் போவது? எவ்வளவு நேரம் வேண்டும்?

ஹெரிஃபோர்ட் வரை ரயில் உண்டு. அங்கிருந்து கார் அல்லது டாக்ஸிதான் நிம்மதி. அவசரக்காரர்கள் இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், எனக்கு இரண்டு மணி நேரம் போதவில்லை. பைனாகுலர் வேண்டாம், கட்டடம் உயரம் குறைவு, கார்பல்கள் வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரியும். வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் போனால் சிற்பத்தின் ஆழம் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். மழைக்குப் பிறகு போனால் கல் ரத்தச் சிவப்பாக இருக்கும், ஆனால் புல்லில் காலணி நனையும்.

அதே பயணத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

ஹெரிஃபோர்ட் பேராலயத்தில் 1300 வாக்கில் தோலில் வரைந்த உலக வரைபடம் இருக்கிறது, எருசலேம் நடுவில். அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டிய புத்தகங்களும் அங்கேயே. இதற்கே அரை நாள் போகும்.

ஆனால் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அர்ட்ஸ்லி ஊர்ச் சர்ச்சுக்குப் போங்கள். அங்கே ஞானஸ்நானத் தொட்டி ஒன்று இருக்கிறது, இதே சிற்பிக் குழுவின் வேலை. வட்டமான கல் தொட்டியைச் சுற்றி வந்தால் ஒரு பக்கம் பெரிய சிங்கம், ஒரு பக்கம் இயேசு ஒரு ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றுகிறார், இன்னொரு பக்கம் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். ஒருவனின் ஈட்டி மற்றவனின் தொடையில் இறங்கியிருக்கிறது. குனிந்து அவர்கள் காலைப் பாருங்கள். கில்பெக் வாசலில் பார்த்த அதே தொளதொளக் கால்சட்டை.